ரங்கூன் அச்சுக்கடையில் இணையம் வந்ததும் போனதும்

எங்கள் கடைக்கு வருவது பெரும்பாலும் மூன்று வகை வேலை: கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை. நடுவில் பில் புத்தகம், விசிட்டிங் கார்டு என்று சில்லறை வேலைகளும் வரும். ரங்கூன் நகரின் நடுவில், அனோரதா சாலைக்கும் மகாபந்துலா சாலைக்கும் இடையே ஒரு குறுக்குத் தெருவில் கடை இருக்கிறது. மாமனார் ஆரம்பித்தது. மெஷின் வேலையை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். தமிழ், பர்மிய, ஆங்கில எழுத்து வேலை மூன்றும் என் பொறுப்பு.

டிஜிட்டல் வந்து அச்சுத் தொழில் படுத்துவிட்டது என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். இங்கேயும் படுத்தது. ஆனால் எங்கள் கதையில் இன்னொரு பாதி உண்டு. மற்ற நாடுகளில் இருபது வருடத்தில் வந்து சேர்ந்த மாற்றம் இங்கே இரண்டு மூன்று வருடத்தில் வந்து இறங்கியது. எல்லோரும் அதற்குப் பழகி முடித்த நேரத்தில், 2021-இல், சில வாரங்களுக்குள் பறிபோனது. இணையம் வந்தபோது எப்படிப் பிழைத்தோம், போனபோது எப்படிச் சமாளித்தோம் என்பது சின்ன அச்சகம் வைத்திருப்பவர்களுக்கும், கோயில் கமிட்டி, சங்கம் என்று நடத்துபவர்களுக்கும் உதவக்கூடும்.

கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும். ரங்கூனில் ஒரு காலத்தில் தமிழ் நாளிதழ்களே வந்தன. ‘ரசிக ரஞ்சனி’, ‘தொண்டன்’ என்ற பெயர்களை மாமா சொல்லிச் சொல்லி எனக்கும் மனப்பாடம். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அதே வருடம் அச்சகங்களையும் வெளியீட்டாளர்களையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. அறுபதுகள் முடிவதற்குள் இந்திய மொழிப் பத்திரிகைகளும் சீனப் பத்திரிகைகளும் நின்றுபோயின. முன்தணிக்கையை 2012 ஆகஸ்டில்தான் எடுத்தார்கள். 2013 ஏப்ரல் 1 முதல் தனியார் நாளிதழ்கள் மறுபடி கடைக்கு வந்தன. தமிழ் நாளிதழ் வரவில்லை.

ஆகவே எங்கள் ஆட்களுக்கு நோட்டீஸ்தான் பேப்பர். யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கோயிலில் கும்பாபிஷேகம், தமிழ் வகுப்பு எப்போது தொடங்குகிறது எல்லாம் அதில்தான் வரும். பெகு, தாட்டன், மோல்மேன், முடோன் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களுக்கு பஸ் கேட்டில், அதாவது பஸ் புறப்படும் இடத்தில், கட்டுக் கட்டாகப் பார்சல் போடுவோம். அங்கே கோயில் சுவரிலும் டீக்கடையிலும் ஒட்டுவார்கள். எங்கள் ஊடகத் துறை அவ்வளவுதான்.

சிம் கார்டு கதையை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். இரண்டாயிரங்களில் ஒரு சிம் கார்டு ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2013 ஏப்ரலில் அரசு நிறுவனமான எம்.பி.டி. அதை எங்கள் நாட்டுப் பணத்தில் 1,500 சாட்டுக்குக் கொடுக்க ஆரம்பித்தது, அதுவும் குலுக்கல் முறையில். பேர் விழுந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 2014-இல் கத்தாரின் ஊரிடூவும் நார்வேயின் டெலிநாரும் கடை திறந்தபின் குலுக்கலுக்கு வேலை இல்லாமல் போனது. கம்ப்யூட்டரையே தொட்டிராத ஆட்கள் நேராக ஸ்மார்ட்போனுக்கு வந்தார்கள். போன் விற்கும் பையனே ஃபேஸ்புக் கணக்கும் திறந்து கையில் கொடுத்துவிடுவான். மின்னஞ்சல், தேடுபொறி எதையும் பார்க்காமல் இணையம் என்றாலே ஃபேஸ்புக் என்று ஒரு நாடே பழகியது அப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால், முதலில் எங்களுக்கு வேலை கூடியது. தெருவுக்கு நாலு போன் கடை, ஒவ்வொன்றுக்கும் வினைல் போர்டு, ரீசார்ஜ் கார்டு விலைப்பட்டியல், பில் புத்தகம். அந்த இரண்டு வருடமும் இராத்திரி மெஷின் நின்றதே இல்லை. டிஜிட்டல் எங்களை வாழவைக்க வந்தது என்றுகூட வீட்டுக்காரர் சொன்னார். அப்புறம்தான் கல்யாணப் பத்திரிகை சுருங்க ஆரம்பித்தது. ஐந்நூறு கார்டு அடித்த குடும்பம் நூறு போதும் என்றது. பெரியவர்களுக்கு மட்டும் கார்டு, மற்றவர்களுக்கு போனில் அதே டிசைன்.

சின்ன அச்சகங்கள் இந்த இடத்தில்தான் அடி வாங்குகின்றன என்று நினைக்கிறேன். எங்கள் தொழிலில் டிசைன், எழுத்துக்கோர்ப்பு, பிழைதிருத்தம் எல்லாவற்றின் கூலியும் கார்டு விலைக்குள் ஒளிந்திருக்கும். எத்தனை கார்டு என்பதை வைத்துத்தான் காசு. எண்ணிக்கை ஐந்தில் ஒன்றாகக் குறைந்தபோது வேலை அதே வேலை, வரவு ஐந்தில் ஒன்று. பல கடைகள் கார்டு விலையை ஏற்றிப் பார்த்தன. ஏற்ற ஏற்ற எண்ணிக்கை இன்னும் குறைந்தது. நாங்கள் பில்லை இரண்டாகப் பிரித்தோம். எழுத்து, டிசைன், மூன்று மொழி, போனுக்கு ஏற்ற படம் எல்லாம் சேர்த்து ஒரு தொகை. அச்சு வேண்டுமென்றால் அது தனி.

“அக்கா, போட்டோதானே, அதுக்கு எதுக்குக் காசு?” என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. “தம்பி, மாப்பிள்ளையோட தாத்தா பேரை நீயே எழுதிப் பாரு, பிழையில்லாம வந்தா காசு வேண்டாம்” என்பேன். பாதிப் பேர் சிரித்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். மீதிப் பேர் போய்விடுவார்கள். போனவர்களில் சிலர் முகூர்த்த நாள் தப்பாகப் போட்ட படத்தோடு திரும்பி வந்ததும் உண்டு.

எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். இதை நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் பாமினி, டிஸ்கி, டாப் என்று எழுத்துரு எழுத்துருவாக அல்லாடிய தமிழர்களுக்கு இது உடனே புரியும்.

பர்மிய எழுத்தில் ஒரு மெய்யின் மேலும் கீழும் பக்கவாட்டிலும் குறிகள் ஒட்டும். யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் ஒவ்வொரு எண் கொடுக்கும் உலகப் பொது முறையில், பர்மிய எழுத்துக்கு 1999-இலேயே இடம் கிடைத்துவிட்டது, 2008-இல் 5.1 பதிப்பில் அதைச் சீர்செய்தார்கள். ஆனால் அதைச் சரியாகக் காட்டும் மென்பொருள் கைக்கு வருவதற்குள் ஸோஜி என்ற எழுத்துரு ஊரெல்லாம் பரவிவிட்டது. மோன், ஷான், கரேன் மொழிகளுக்கென்று ஒதுக்கிய எண்களை எடுத்து, பர்மிய எழுத்தின் வேறு வேறு வடிவங்களுக்குப் போட்டுக்கொண்ட எழுத்துரு அது. ஸோஜி போனில் அடித்தது யூனிகோட் போனில் குப்பையாகத் தெரியும். அங்கே அடித்தது இங்கே குப்பை. ஒரே சொல்லை இரண்டு மூன்று வரிசையில் அடித்தாலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் மட்டும் கிடைக்காது. 2014-இல் கடைக்கு வந்த போன்களில் பெரும்பாலானவை ஸோஜி. நாடு முழுவதும் யூனிகோடுக்கு மாறும் நாள் என்று 2019 அக்டோபர் 1-ஐ அரசு குறித்தது. ஒரே நாளில் மாறவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

கடையில் இதன் கஷ்டம் எப்படியென்றால், வாடிக்கையாளர் போனிலிருந்து விஷயத்தை அனுப்புவார். என் கம்ப்யூட்டரில் திறந்தால் பெயர்கள் உடைந்து வரும். மாற்றித் தரும் மென்பொருள்கள் இருந்தன. சாதாரண வாக்கியத்தை ஒழுங்காக மாற்றும். பர்மிய எழுத்தில் எழுதிய தமிழ்ப் பெயர்களில்தான் சொதப்பும். அதனால் ஆர்டர் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தோம். பெயர்களை மட்டும் கையால், வாடிக்கையாளரே எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடிப்பேன். இன்றுவரை அந்தக் கட்டத்தை எடுக்கவில்லை.

இரண்டாவது வேலை, பழைய கோப்புகள். மாமா காலத்து ஈய எழுத்து போய், பேஜ்மேக்கரில் பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோயில் நோட்டீஸ்கள் எங்களிடம் ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அவை வெறும் ஆங்கிலக் கிறுக்கல். வேலை இல்லாத மழை மாதங்களில் ஒவ்வொன்றாக எடுத்து யூனிகோடுக்கு மாற்றினேன். டிசைனைத் தொடவில்லை. எழுத்தை மட்டும் தனியே ஒரு சாதாரணக் கோப்பாக வைத்தேன்: விழாப் பெயர், தேதி, உபயதாரர் பட்டியல், ஊர், போன் நம்பர். வீட்டுக்காரர் இதை வெட்டி வேலை என்றார். அந்த நேரத்தில் யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

யூனிகோடுக்கு வந்தால் மட்டும் போதாது என்பதும் இங்கே தெரிந்த விஷயம். பர்மாவில் பிறந்த எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்குப் பர்மிய எழுத்து வேண்டும். பாட்டிக்குத் தமிழ் எழுத்து. மலேசியாவில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஆங்கிலம். ஒரே நோட்டீஸில் மூன்றையும் திணித்தால் யாருக்கும் கண்ணில் படாது. மூன்று தனித்தனிப் படமாகப் போடுவதுதான் சரி. இதற்கு மேல், எங்களில் நிறையப் பேருக்கு இரண்டு பெயர். வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர். வேலையிடத்தில் கூடப் பழகியவர்களுக்குத் தமிழ்ப் பெயரே தெரியாது. ஆகவே எந்தப் பத்திரிகையிலும் இரண்டு பெயரும் போடுவோம். போடாத கருமாதிப் பத்திரிகையைப் பார்த்து, யார் வீட்டுச் சாவு என்று தெரியாமல் வராமலே இருந்துவிட்டவர்கள் உண்டு.

ஃபேஸ்புக் காலம் எங்கள் கோயில்களுக்கு நல்ல காலம்தான். பீலிக்கான் கோயில் விழாவை ஆஸ்திரேலியாவில் இருந்தபடி நேரலையில் பார்த்தார்கள். கமிட்டிகள் நோட்டீஸ் செலவை மிச்சம் பிடித்தன. ஆனால் அதற்குள் ஒரு பயமும் இருந்தது. 2014 ஜூலையில் ஃபேஸ்புக்கில் கிளம்பிய ஒரு பொய்ச் செய்தியை வைத்து மாந்தலேயில் கலவரம் நடந்து இரண்டு பேர் உயிர் போனது. பிறகு ரக்கைன் மாநிலத்தில் ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கு நடந்தவற்றில் தாங்கள் போதுமான அளவு தடுக்கவில்லை என்று அந்த நிறுவனமே 2018-இல் ஒப்புக்கொண்டது. நடுவில் 2017-இல் இந்திய வம்சாவளியினரைக் குறிக்கும் ‘கலா’ என்ற சொல்லுக்கு அங்கே தடை போட்டார்கள். வசவாகப் பயன்பட்ட சொல்தான், தடுத்ததில் தப்பில்லை. ஆனால் நாற்காலிக்கும் கடலைப்பருப்புக்கும் உள்ள பர்மியச் சொற்களில் அந்த எழுத்துகள் வரும் என்பது தடுத்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை. கடலைப்பருப்பு பற்றி எழுதியவர்களின் பதிவெல்லாம் காணாமல் போனது. எங்கள் தெருவில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், சிரிப்பு பாதி மனதோடுதான்.

அப்போதே எங்கள் வட்டாரத்துக் கமிட்டிகள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டன. எந்த நோட்டீஸ் படமானாலும் மூலையில் வெளியிட்ட தேதி, பொறுப்பாளரின் பெயர், கூப்பிட்டால் எடுக்கிற ஒரு நம்பர் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் அனுப்பக் கூடாது. 2020-இல் கொரோனா வந்து கூட்டம் கூடத் தடை போட்டபோது, விழா உண்டு, இல்லை, தள்ளிவைப்பு என்று பழைய படமும் புதிய படமுமாகச் சுற்றின. மூலையில் இருந்த தேதிதான் காப்பாற்றியது.

2021 பிப்ரவரி 1, திங்கட்கிழமை. ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாள். காலையில் போன் வேலை செய்யவில்லை, டி.வி.யில் சேனல்கள் இல்லை. 4-ஆம் தேதி ஃபேஸ்புக்கைத் தடுத்தார்கள். அந்த வாரக் கடைசியில் இணையம் மொத்தமாகப் போய் வந்தது. 15-ஆம் தேதியிலிருந்து இராத்திரி ஒரு மணி முதல் காலை ஒன்பது வரை நெட் கிடையாது. மார்ச் 8-ஆம் தேதி ஐந்து செய்தி நிறுவனங்களின் உரிமத்தை ரத்து செய்தார்கள். மார்ச் நடுவில் மொபைல் டேட்டா போனது. அதே வாரத்தோடு தனியார் நாளிதழ்களும் அச்சில் நின்றன. ஏப்ரல் 2-ஆம் தேதி வயர்லெஸ் இணையமும் போனது. ஃபைபர் கம்பி இழுத்திருந்த வீடுகளில் மட்டும் மிச்சம். அரசியல் எழுத நான் ஆள் இல்லை. அச்சுக்கடைக்காரிக்கு இதனால் என்ன ஆனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கோயில்களின் ஃபேஸ்புக் பக்கங்களைப் பின்தொடர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று கமிட்டியில் யாருக்கும் தெரியாது. பக்கம் திறக்கவில்லை என்றால் அவர்களும் இல்லை. எங்கள் கடையில் என்ன இருந்தது என்றால், ஆர்டர் நோட்டுகளும், நான் மழைக்காலத்தில் பிரித்து வைத்த உபயதாரர் பட்டியல்களும். பெயர், தெரு, ஊர், நம்பர். ஒரு சமூகத்தின் முழு விலாச நோட்டு அச்சுக்கடை அலமாரியில் கிடந்திருக்கிறது, யாரும் அதை அப்படிப் பார்த்ததில்லை. என் மகளும் கோயில் பையன்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து தெருவாரியாகப் பிரித்தார்கள். தெருவுக்கு ஒருவர், கிராமத்துக்கு ஒருவர். பெரும்பாலும் அக்காமார்கள், அதிலும் கடை வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு மட்டும் தகவல் சொன்னால் போதும், மீதியை அவர்கள் வாயால் சொல்லிவிடுவார்கள். போன் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் அப்போது ஓடிக்கொண்டிருந்தன.

எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழிலோ பர்மியத்திலோ அடித்தால் 70-தான். அதிலும் ‘மு’ என்பது இரண்டாகக் கணக்கு, ‘க்’ என்பது இரண்டு. 70-ஐத் தாண்டினால் இரண்டு செய்தியாகப் பிரிந்து இரண்டு காசு. சில போன்களில் இரண்டாவது துண்டு முன்னால் வந்து சேரும். அதனால் நோட்டீஸை 70-க்குள் அடக்கப் பழகினோம். “பீலிக்கான் பூசை ஞாயிறு 9 மணி. பஸ் 6க்கு. எண்ணெய் மட்டும் போதும்.” இது 64. ‘எல்லாம் வல்ல’, ‘திருவருளை முன்னிட்டு’, ‘அனைவரும் வருக’ எதற்கும் இடமில்லை. கமிட்டித் தலைவருக்குத் தன் பெயர் இல்லாதது பெரிய மனக்கஷ்டம். அவரிடம் அச்சு நோட்டீஸில் பெரிதாகப் போடுகிறேன் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

ஆமாம், அச்சு நோட்டீஸ் திரும்பி வந்தது. அரைத்தாள், ஒரே நிறம், பழையபடி பஸ் கேட்டில் பார்சல். அதில் ஒரு எச்சரிக்கையும் வைத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் கையில் காகிதத்தோடு போவதே வழியில் கேள்வி கேட்கவைக்கும். ஆகவே கோயில் பெயர், அச்சகத்தின் பெயர், தேதி இல்லாமல் ஒரு தாள்கூட வெளியே விடவில்லை. விழா விஷயத்தைத் தவிர வேறு எந்த வாசகமும் அதில் இருக்காது. பிற்பாடு குரூப்கள் திரும்பியபோதும் அதே கணக்கு. கோயில் குரூப்பில் கோயில் மட்டும். போனைத் திறந்து காட்டச் சொல்லக்கூடிய ஊரில், ஒருவர் அனுப்பும் படம் இன்னொருவர் தலையில் விடியக் கூடாது இல்லையா.

2021 ஜூலையும் ஆகஸ்டும் மோசமான மாதங்கள். கொரோனா மூன்றாவது அலை. கருமாதிப் பத்திரிகை அடிக்கும் கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்தவள் நான். கூட்டம் கூட முடியாது, பதினாறாம் நாளுக்கு யாரையும் அழைக்கவும் முடியாது. பிறகு எதற்குப் பத்திரிகை என்று நானே நினைத்தேன். ஆனால் கேட்டு வந்தார்கள். அழைப்பாக இல்லை, பெயரும் படமும் தேதியும் ஒரு தாளில் இருக்க வேண்டும், பெட்டியில் வைக்க வேண்டும், வழி திறந்தபின் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காக. பதினைந்து, இருபது பிரதி. அதற்கு டிசைன் கூலி வாங்கவில்லை.

சாவுச் செய்தி சொல்வதற்குக் குரல் பதிவுதான் சரியாக வந்தது. மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாக நெட் வந்தபோது வைபரிலும் டெலிகிராமிலும் வீட்டுப் பெரியவர் ஒருவரே பேசி அனுப்புவார். படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும் புரியும், கண் தெரியாத பாட்டிக்கும் புரியும். உயிரோடு இருப்பவர்களைச் செத்துவிட்டார்கள் என்று சொல்லும் வதந்திகள் அப்போது சர்வசாதாரணம். தெரிந்த குரல் கேட்டால் சந்தேகம் இல்லை. அதிலும் ஒரு ஒழுங்கு வைத்தோம்: முதலில் பேசுபவர் தன் பெயரும் உறவும், பிறகு இறந்தவரின் இரண்டு பெயர், மகன் அல்லது மருமகன் பெயர், தெரு, நாள், எப்போது எடுக்கிறார்கள். ஒரு நிமிடத்துக்குள். அழுகை வந்தால் நிறுத்திவிட்டு அடுத்தவர் பேச வேண்டும். கேட்கக் கடுமையாக இருக்கும், ஆனால் மூன்று நிமிடக் குரல் பதிவு மெதுவான லைனில் இறங்குவதற்குள் தகனம் முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு எல்லாம் செலவுக் கணக்குதான். 2022 ஜனவரியில் இணையச் சேவை வரியை 5 சதவீதத்திலிருந்து 15 ஆக்கினார்கள், புது சிம்முக்கு 20,000 சாட் வரி. 1,500-க்கு சிம் வாங்கிய நாடு இது. அதே வருடம் டெலிநார் நாட்டை விட்டுப் போய், ஏட்டம் என்று பெயர் மாறியது. டாலர் 2021-க்கு முன் 1,330 சாட் அளவில் இருந்தது. 2022 ஆகஸ்டில் அரசு விலையே 2,100 ஆனது. வெளிச்சந்தையில் அதைவிடப் பல படி மேலே போனது. கார்டுத் தாள், மை, பிளேட் எல்லாம் வெளியிலிருந்து வருபவை. கல்யாணப் பத்திரிகை மறுபடி நூறிலிருந்து முப்பதுக்கு இறங்கியது. மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்து மெஷினை ஓட்டுகிறோம். இராத்திரி இரண்டு மணிக்கு கரண்ட் வந்தால் இரண்டு மணிக்குத்தான் அச்சு.

2024 மே மாதக் கடைசியிலிருந்து, தடுத்த தளங்களைச் சுற்றுவழியில் திறக்க உதவும் வி.பி.என். சேவைகளையும் தடுக்கத் தொடங்கினார்கள். 2025 ஜனவரி 1-ஆம் தேதி சைபர் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதற்கு யார் என்ன வழி வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை, யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். கடைக்கு அதில் கிடைத்த பாடம் ஒன்றே ஒன்று: மெதுவான லைனிலும் இறங்க வேண்டுமானால் எந்தக் கோப்பும் 100 கே.பி.யைத் தாண்டக் கூடாது. தங்க நிற மினுமினுப்பு, பின்னணியில் தாஜ்மகால், பாட்டோடு வீடியோ எல்லாம் கேட்பார்கள். செய்து தருவேன். கூடவே வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில் ஒன்றும், வெறும் எழுத்தாக ஒன்றும் தருவேன். கடைசியில் ஊர் சுற்றுவது அந்த வெறும் எழுத்துதான். அதில் தேதியை விரலால் அழுத்தி நகலெடுக்கலாம், நம்பரை அழுத்தினால் போன் போகும். படத்தில் இருக்கும் நம்பரை யார் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அடிப்பார்கள்?

ஆள்களும் சிதறிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் இளவட்டங்கள் பலர் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போனார்கள். இப்போது ரங்கூனில் நடக்கும் கல்யாணத்தின் பாதி விருந்தாளிகள் வெளிநாட்டில். நேரம் போடும்போது இந்த ஊர் நேரமும் மலேசிய நேரமும் சேர்த்துப் போடுகிறேன். ஒன்றரை மணி வித்தியாசம், அரை மணியை மறந்து நேரலையைத் தவறவிட்டு என்னைத் திட்டியவர்கள் இருக்கிறார்கள். 2025 மார்ச் 28 பூகம்பத்தில் மாந்தலே, சகாய்ங் பக்கத்து லைன்கள் போனபோது, அங்கேயுள்ள குடும்பங்களைத் தேட மறுபடியும் அதே தெருவாரி நோட்டைத்தான் எடுத்தோம்.

இப்போது புதிதாக ஏ.ஐ. படங்கள். பையன்கள் போனிலேயே பத்திரிகை செய்துகொண்டு வருகிறார்கள். பூ, விளக்கு, மயில் எல்லாம் பிரமாதம். தமிழ் எழுத்து மட்டும் தமிழ் மாதிரி இருக்கும், தமிழாக இருக்காது. பர்மிய எழுத்தும் அப்படியே. அந்தப் படத்தை வாங்கி, எழுத்தை அழித்துவிட்டு என் எழுத்தைப் போட்டுத் தருகிறேன், அதற்கும் ஒரு ரேட் வைத்தாயிற்று. இது எத்தனை நாள் ஓடும் என்று பார்க்கலாம். அதுவும் எழுதப் பழகிவிட்டால் வேறு வேலை தேட வேண்டும்.

கோயில் கமிட்டி, சங்கம் வைத்திருப்பவர்கள் கேட்டால் நான் முதலில் செய்யச் சொல்வது இதுதான். உங்கள் குரூப்பில் இருப்பவர்களின் பெயரையும் நம்பரையும் தெருவாரியாக ஒரு பட்டியல் போடுங்கள். சம்மதம் கேட்டுப் போடுங்கள், முக்கியமாக எங்கள் மாதிரி ஊர்களில். பெயர், தெரு, நம்பர் தவிர வேறு எதுவும் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை, விழா முடிந்து வசூல் கணக்குப் பார்க்கும் அன்றே, மாறிய நம்பர்களைத் திருத்துங்கள். அன்றைக்குத்தான் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். பழைய எழுத்துருவில் கோப்பு இருந்தால் அதைத் திறக்கும் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். எக்செல்லில் வைத்த பட்டியலைக் காகிதத்திலும் இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். இதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை, தாள் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். இன்றைய தாள் விலை அப்படி.